உவர்க்கடல் நடுவே ஓர் ஊற்று

தொட்டியத்துக் காவிரிக் கரையில் நின்று நோக்குவார்க்கு ஆற்றின் அகலமே முதலில் கண்ணில் படும். மாயனூர் தொடங்கி முக்கொம்பு வரையில் இவ்வாற்றை ‘அகண்ட காவிரி’ என்று வழங்குகிறோம். நீர் குறைந்த திங்கள்களில் மணல்வெளியும் நாணற் புதர்களும் ஆங்காங்கே திட்டுத் திட்டாக எழுந்து நிற்கும். இவ்வாறு ஆற்றின் நடுவே எழும் நிலத்திற்குத் தமிழில் தனிச்சொற்கள் உண்டு. துருத்தி என்பது ஒன்று. அரங்கம் என்பது மற்றொன்று. ஆற்றிடைக்குறை என்பது இரண்டையும் விளக்கும் சொல். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருவதற்கு இடைப்பட்ட பெருநிலமே திருவரங்கம். ஊர்ப்பெயரே அதன் நிலஅமைப்பைச் சொல்லிவிடுகிறது. ஆகவே தீவு என்பது நமக்குப் புதியதன்று. நாம் ஆற்றுத் தீவுக்கு அண்டை வீட்டார்.

கடல்சூழ் தீவு என்றவுடன் தமிழ் படித்தோர்க்கு மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நினைவுக்கு வரும். கலத்தில் சென்றோர் அறியாது விட்டுச் செல்ல, ஆபுத்திரன் அத்தீவில் தனியன் ஆகிறான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில் இருக்கிறது. ஆனால் உண்பிப்பதற்கு ஒருவரும் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து அவன் உயிர் துறக்கிறான். தீவு வாழ்வின் இயல்பைச் சாத்தனார் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் வைத்துவிட்டார் என்பது நம் எண்ணம். அங்கே பண்டத்தைக் காட்டிலும் அரியவன் மற்றொரு மனிதன்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பன் தீவு. இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், தனுஷ்கோடி முதலிய ஊர்கள் இதில் அடங்கும். திருத்தலம் என்ற முறையில் இதனைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதனை நாம் மீண்டும் சொல்ல வேண்டுவதில்லை. குடியிருப்பு என்ற முறையில், அங்கே நாள்தோறும் விழித்தெழுந்து வாழ்வோரின் ஊர் என்ற முறையில் அதனைக் காண்பதே நம் நோக்கம். அத்தீவை நாம் தெரிந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டியத்தைக் கடந்து செல்லும் காவிரி நீரில் ஒரு பங்கு இன்று அத்தீவு மக்களின் குடங்களில் நிறைகிறது. அச்செய்தியைப் பின்னர்ச் சொல்வோம்.

இரு கடலும் நான்கு காற்றும்

தீவின் வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே தீவின் இருபுறமும் இருவேறு இயல்புடைய கடல்கள். வடபுறம் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அலையடங்கி ஏரிபோல் கிடப்பது. அதனைத் தீவு மக்கள் ‘பெண் கடல்’ என்பர். தென்புறம் அலை உயர்ந்து இரைவது. அது ‘ஆண் கடல்’. தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் குறுகிக் குறுகி அரிச்சல்முனை என்னும் மணல்முனையாய் முடிகிறது. அங்கு நிற்பவர் ஒரு கண்ணால் அமைதியையும் மறு கண்ணால் சீற்றத்தையும் காணலாம். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

ஆயினும் இப்பெயர்கள் ஆண்டு முழுதும் பொருந்துவன அல்ல. வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசத் தொடங்கியதும் பெண் கடல் பொங்கும்; ஆண் கடல் அடங்கும். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை மாறும். எனவே தீவின் மீனவர் காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்கின்றனர். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கும் வீடு போன்றது தீவு. நிலப்பகுதியின் கடற்கரை ஊர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

காற்றின் பெயர்களையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நிகண்டுகளில் பயின்றிருக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இச்சொற்கள் கடற்கரையில் இன்றும் தொழிற்சொற்கள். வாடையும் கொண்டலும் மீனவர் வாயில் அப்படியே வழங்குகின்றன. மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் அவர்கள் கூறுவர். காற்றுக்குப் பெயர் தெரியாதவன் அங்கே படகில் கால் வைக்க இயலாது. இலக்கண வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவரை ஒருமுறை பாம்பன் கரைக்கு அழைத்துச் சென்றால் பாதிப் பாடம் தானே முடிந்துவிடும்.

கடல் தந்த சொற்கள் வேறு மொழிகளிலிருந்தும் வந்து நம்மிடம் தங்கியுள்ளன. மாலுமி, சுக்கான் ஆகியவை அரபு மூலமும், நங்கூரம் பாரசீக மூலமும் உடையவை என்பர். சோழமண்டலக் கரையிலும் பாண்டிக் கரையிலும் மரக்கலம் செலுத்திய முஸ்லிம் வணிகர் கொண்டுவந்து கலந்த சொற்கள் இவை. இன்று இவற்றை அயற்சொல் என்று கருதுவார் எவரும் இலர். உப்பு நீரில் கரைந்த பொருளைப் பிரித்தறிதல் எளிதன்று.

நெய்தல் திணைக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாயும் அந்த நேரத்தைக் கீழைக் கடற்கரையில் வாழ்வோர் நிலத்தின் பக்கம் திரும்பி நின்றே காண்பர். பாம்பன் தீவிலோ தோற்றமும் மறைவும் ஆகிய இரண்டையும் கடல்மேற் காண இயலும். தனுஷ்கோடி மணற்கரையில் மாலையில் கரைவலை இழுக்கும் காட்சி இதனோடு சேர்ந்தது. வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று பற்றி, அம்பாப் பாட்டின் தாளத்திற்கேற்ப அடியடியாய்ப் பின்வாங்குவர். மடி கரையேறும்போது பாட்டு நின்றுவிடும். அகப்பட்டது எவ்வளவாயினும் பங்கு உண்டு. கயிறு தொட்ட முதியவருக்கும் உண்டு.

மணலிற் பூக்கும் மல்லிகை பற்றியும் ஒரு சொல். தங்கச்சிமடம் சுற்றுவட்டாரத்தில் மல்லிகை நாற்றுகளைப் பதியமிட்டு வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்பும் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. உவர்க்காற்று வீசும் தீவில் பிறந்த செடி உள்நாட்டுத் தோட்டங்களிற் சென்று மணக்கிறது. தீவு என்றால் மீன் மட்டுமே என்று எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும்.

பாசி எடுக்கும் மகளிர்

தீவின் அழகைப் பாடுவோர் பெரும்பாலும் கரையில் நிற்பவர்கள். நீருக்குள் இருப்போரை அவர்கள் காண்பதில்லை. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வாழ்கின்றனர். விரல்களில் துணிச்சுருள் சுற்றி, கண்ணாடி அணிந்து, இடுப்பில் பை கட்டி, மூச்சடக்கி மூழ்குகின்றனர். பாறையிற் படர்ந்த பாசியைக் கையால் கிள்ளி எடுத்து மேலெழுகின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி என்றெல்லாம் அவர்கள் இட்ட பெயர்கள் நிலத்துச் செடிகளின் பெயர்களை நினைவூட்டுவன. கோரை என்றால் தொட்டியம், முசிறிப் பக்கத்தார் பாய் முடையும் புல்லை நினைப்பர். அங்கே அது கடலடியில் அசைகிறது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ‘அகர்’ என்னும் கூழ்ப்பொருள் எடுக்கப்படுகிறது. உணவுப் பண்டங்களிலும், ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர் வளர்ப்பதிலும் அது பயன்படுகிறது.

இப்பெண்கள் பள்ளி நூல்களில் சூழலியல் பயின்றவர் அல்லர். எனினும் பாசி மீண்டும் தழைக்கக் காலம் வேண்டும் என்பதை உணர்ந்து, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்திற்கு 12 நாள்கள் மட்டுமே எடுப்பது என்று தம்முள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். இவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் தீவுகளின் சூழலைக் காப்போர்க்கு வழங்கப்படும் பன்னாட்டு ‘சீகாலஜி’ பரிசு கிடைத்தது. தேசியப் பூங்கா விதிகளுக்கும் இவர்களது பிழைப்பிற்கும் இடையே இழுபறி நேர்வதும் உண்டு. கடலைக் காக்க விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கையால் கிள்ளுவோரையும் இழுவை வலையால் வாருவோரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

1964

கடலின் அமைதியை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் அது பொய்யான கட்டுரையாகும். 1914ஆம் ஆண்டில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. ‘போட் மெயில்’ வண்டி சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகத் தனுஷ்கோடி சென்று, பயணிகளைக் கப்பலிடம் ஒப்படைத்தது. நம் பாட்டனார் காலத்தவர்க்குக் கொழும்பு என்பது ஒரு சீட்டில் அடங்கிய ஊர். தனுஷ்கோடியில் நிலையம், சுங்கம், அஞ்சலகம், தேவாலயம், பள்ளி எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் வண்டி நிலையத்தை அடையுமுன் பேரலையில் சிக்கிக் கடலுக்குள் சென்றது. அதில் இருந்தோர் எவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தின் உத்தரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் தலைமையில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் மறுவாழ்வு இல்லை. வாழத் தகாத ஊர் என அரசு அறிவித்தது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி இன்றும் நிற்கின்றன.

வாழத் தகாதது என்று அறிவித்த நிலத்திற்கு மீனவக் குடும்பங்கள் சில திரும்பி வந்தன. ஓலைக் குடிசை அமைத்து வாழ்ந்தன, வாழ்கின்றன. இதனை அறியாமை என்று சிலர் சொல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. வலை எறியும் இடத்தைவிட்டு விலகி வாழ்வது அவர்களுக்கு வாழ்வாகாது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமையும் முன்னர், மணலில் நடந்தும் மணலில் ஓடும் வண்டிகளில் ஏறியுமே அவர்கள் சந்தைக்கும் மருத்துவத்திற்கும் சென்று வந்தனர்.

தீவை நிலத்தோடு இணைத்த சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முன் முக்கால் நூற்றாண்டுக் காலம் தீவுக்கு இரயிலே உயிர். கப்பல் செல்லும்போது பாலத்தின் நடுப்பகுதியை ஊழியர்கள் கையால் நெம்பித் திறந்து மூடியதைப் பார்த்தவர் மறவார். உப்புக்காற்றால் தளர்ந்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. செங்குத்தாக உயரும் நடுப்பகுதியுடைய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

இவ்வாறு கடலோடும் காற்றோடும் கூடிய தீவில் மனிதர் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ வேண்டும். இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவில் 1931ஆம் ஆண்டு பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் காட்டும் இளமைக்காலம் இதற்குச் சான்று. அவர்தம் தந்தையார் ஜைனுலாபுதீனும் திருக்கோயில் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் நெருங்கிய நண்பர்கள். தொழுகை முடிந்து வரும் தந்தையாரிடம் பல சமயத்தாரும் கிண்ணங்களில் நீர் கொணர்ந்து துஆ ஓதிப் பெற்றுச் செல்வர். சீதா கல்யாண விழாவில் இராமதீர்த்தத்தின் நடுவே திருவுருவங்களைக் கொண்டு செல்லப் படகு அமைத்துத் தந்தது அக்குடும்பம். யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லத் தந்தையார் கட்டிய படகை ஒரு புயல் கொண்டுபோயிற்று. கடலின் அழகை மட்டும் அறிந்திருந்த சிறுவன் அன்று அதன் ஆற்றலையும் அறிந்தான். பின்னாளில் நம் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்று, நாடறிந்த அறிவியலாராய், குடியரசுத் தலைவராய் விளங்கி, 2015 ஜூலையில் அதே தீவின் பேய்க்கரும்பு மண்ணில் அடங்கினார். சமய இணக்கம் பற்றி மேடைகளில் நாம் நிறையப் பேசுகிறோம். அத்தீவில் அது பேச்சாக இருந்ததில்லை. படகு கட்டித் தருவதாகவும், கிண்ணத்து நீராகவும் இருந்தது.

மூழ்கும் தீவுகள்

பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உண்டு என்று நூல்களில் படிக்கிறோம். குருசடைத் தீவு, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என அவற்றின் பெயர்கள் இனியவை. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. ஆயினும் 21இல் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், நீர்மட்டத்திற்குக் கீழே சென்றுவிட்டன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தமையே இதன் முதற்காரணம். பவளப்பாறை என்பது தீவுக்கு வேலி; அலையின் வேகத்தை அதுவே முதலில் தாங்குகிறது. வேலியைப் பிடுங்கி விற்ற பின் தோட்டம் எங்ஙனம் நிற்கும்? வான் தீவும் தேய்ந்து சுருங்கியபோது, கடலுக்குள் செயற்கைத் திட்டுகளை அமைத்து அதனைத் தாங்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பவளத்தோடு கடற்புல் வெளிகளும், அவற்றை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் சேர்ந்தவை. இவ்விலங்கிற்காக 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பகுதியில் பூநாரைகளுக்காக 2025இல் ஒரு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திகளே, எனினும் மூழ்கியவை மூழ்கியவைதாம்.

மணலடியில் நன்னீர்

இனி நீர். நாற்புறமும் உப்புக் கடல் சூழ்ந்த மணல்முனையில் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்னும் வினா எவர்க்கும் எழும். தனுஷ்கோடிப் பெண்கள் கடலுக்குச் சில நூறு அடி தொலைவில் கையாலேயே மணலைத் தோண்டுவர். இரண்டு, மூன்று அடி ஆழத்தில் நீர் கசியும். சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றுவர். அந்நீர் இனிக்கும். காவிரி வற்றிய கோடையில் நம் ஊர்ப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்ததை அறிந்தவர்க்கு இக்காட்சி அயலானதன்று. ஆனால் ஆற்று மணலின் அடியில் இருப்பது ஆற்று நீர். அங்கே அடியில் இருப்பது கடல் அன்றோ?

இதன் விளக்கம் எளியது. தீவில் பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. உப்பு நீர் கனமானது. மழைநீர் அதனினும் இலேசானது. நன்னீரின் எடை 1000 பங்கு எனில் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 பங்கு. எனவே மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. மணல் இடையே இருப்பதால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் அது கண்ணாடி வில்லை போன்ற வடிவில் கிடக்கிறது. ஒல்லாந்தைச் சேர்ந்த பாடோன் கைபன் 1888ஆம் ஆண்டளவிலும், செருமானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்திற்கு மேல் நிலத்தடி நன்னீர் ஓர் அடி உயர்ந்திருந்தால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இனிய நீரும் உவர்நீரும் தம்முள் கலவாதபடி இடையே தடுப்பு அமைந்திருப்பதைத் திருக்குர்ஆன் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. அதனை ஓதியவர்க்கு இம்மணற்குழி வெறும் குழியாகத் தோன்றாது.

அக்கணக்கின் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி குறைந்துபோகும். சிரட்டையால் மொள்ளும் வரையில் வில்லை சிதையாது. ஆழ்துளைக் கிணறு இறக்கி விசைப்பொறியால் இழுத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக மேலெழுந்து வரும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இராமேசுவரம் நகரத்தின் மக்கள் தொகை 44,856. ஆனால் யாத்திரிகரும் சுற்றுலாவினரும் நாளும் வந்து குவிகின்றனர். தங்கும் விடுதிதோறும் குழாய்கள் வேண்டும். மழையை மட்டும் நம்பிய மணல் வில்லை இத்தனை பேரை எவ்வாறு தாங்கும்?

இந்நிலையில்தான் காவிரி அங்குச் சென்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த முத்தரசநல்லூர்ப் பகுதியில் ஆற்று மணலின் அடியிலிருந்து நீர் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் வரை கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி 2009இல் தொடங்கி வைக்கப்பட்டது. தொட்டியத்து வாழைத் தோட்டங்களைக் கடந்த நீர், முக்கொம்புக்குக் கீழே மணலுக்குள் இறங்கி, குழாய்வழி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கடலையும் தாண்டித் தீவை அடைகிறது. ஆற்று மணலை அள்ளுவதைப் பற்றி இங்கே நாம் வழக்காடும்போது, அது நம் கரையின் வழக்கு மட்டும் அன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இங்கு மணல் போனால் ஊற்று போகும். ஊற்று போனால் அங்கே குழாய் வறளும்.

குழாய் நீர் வந்ததனால் தீவின் பெண்களுக்கு நடை மிச்சம். குடத்தின் சுமை மிச்சம். இதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. அதே வேளையில் தனுஷ்கோடிக் கரையில் மணற்குழிகள் இன்னும் இருக்கின்றன. அடியில்லாப் பீப்பாயை மணலில் புதைத்து, சுற்றிலும் மணல் சரியாதபடி செய்துள்ளனர். நீர் மொண்ட பின் குழியின் வாயைப் பலகையாலோ ஓலையாலோ மூடிவிட்டுச் செல்கின்றனர். இரவு முழுவதும் அது மெல்ல ஊறுகிறது. விடியலில் முதலில் வரும் பெண் ஓலையை விலக்கி, நுனிவிரலால் ஒரு துளி எடுத்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டே சிரட்டையை இறக்குகிறாள்.